உண்ணும் உடல், உயிர்த்தெழும் உடல்: கரோலைன் வாக்கர் பைனமின் வரலாற்றுப் பணி



வரலாறு எழுதிய ஒருவரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அமெரிக்க வரலாற்றாசிரியர் கரோலைன் வாக்கர் பைனம், ஐரோப்பிய இடைக்காலத்தின் சமய வாழ்க்கையில் மனித உடலுக்கு என்ன இடம் இருந்தது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் உழைத்தவர். அவர் கண்டுபிடித்தவற்றை மட்டும் அடுக்கிவிட்டுப் போனால் உங்களுக்குப் பாதிப் பயன்தான். அவர் ஆவணங்களை எப்படிப் படித்தார், எந்தெந்த இடத்தில் அவசர முடிவுக்கு வர மறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

இடைக்கால ஐரோப்பா என்றால் நம் பாடநூல்களில் நிலமானிய முறை வரும், சிலுவைப் போர்கள் வரும், பாப்பரசருக்கும் பேரரசருக்கும் நடந்த மோதல் வரும். சமய வாழ்க்கையைப் பற்றி இரண்டு வரி இருந்தால், அதில் துறவியரின் கடுந்தவம் இடம்பெறும். சாட்டையால் தம்மை அடித்துக்கொண்டார்கள், மாதக்கணக்கில் பட்டினி கிடந்தார்கள், ஆகவே அந்தக் காலத்தவர் உடலை வெறுத்தார்கள். ஆன்மாவை அடைத்துவைத்த சிறை என்று உடலை நினைத்தார்கள். நெடுங்காலமாகப் பலரும் நம்பிவந்த சித்திரம் இது.

பைனம் இந்தச் சித்திரத்தை மாற்றிக் காட்டினார். அதற்குப் புதிய சுவடி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. எல்லோர் கைக்கும் எட்டிய புனிதர் வரலாறுகளையும் மறையுரைகளையும் இறையியல் நூல்களையும் நிதானமாகத் திரும்பப் படித்தார். படித்துவிட்டு அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அந்த மனிதர்கள் உடலை உதறிவிட்டுக் கடவுளிடம் போக முயலவில்லை. உடலோடு, உடலின் வழியாகவே கடவுளை அடைய முயன்றார்கள். பட்டினியும் காயமும்கூட அந்த முயற்சியின் பகுதிகள்.

முதலில் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைனம் 1941-இல் அட்லாண்டாவில் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962-இல் பட்டம் பெற்றார். ஹார்வர்டில் 1969-இல் முனைவரானார். அங்கேயே கற்பிக்கவும் தொடங்கினார். பெண் ஆசிரியர்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. ஹார்வர்டின் கலை, அறிவியல் புலத்தில் பெண்களின் நிலையை ஆராய்ந்த குழுவில் அவர் முன்னின்று உழைத்தார். அக்குழுவின் அறிக்கை 1971-இல் வெளிவந்தது. 1976-இல் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1986-இல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. 1988-இல் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே ‘யூனிவர்சிட்டி புரொஃபசர்’ என்னும் மிக உயர்ந்த பேராசிரியர் பதவியைப் பெற்ற முதல் பெண் அவர். 1996-இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவர். 2003 முதல் 2011 வரை பிரின்ஸ்டனில் உள்ள உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியர். ஓய்வுக்குப் பிறகும் எழுத்தை நிறுத்தவில்லை. அவருடைய ‘டிஸ்ஸிமிலர் சிமிலிட்யூட்ஸ்’ 2020-இல் வந்தது.

பதவிகளின் பட்டியலைவிட நூல்களின் வரிசைதான் என்னைக் கவர்கிறது. ஒரு நூலில் கிடைத்த விடை அடுத்த நூலுக்குக் கேள்வியாகிறது. அந்த வரிசையிலேயே போவோம்.

அவருடைய முதல் நூல் 1979-இல் வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் மடத்துத் துறவியருக்கும், விதிமுறைக்கு உட்பட்டுக் குழுவாக வாழ்ந்த குருக்களுக்கும் என்ன வேறுபாடு என்பது அதன் பொருள். வெளிப்பார்வைக்கு இரு சாராரின் வாழ்க்கையும் ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் அவர்கள் எழுதியவற்றை அருகருகே வைத்துப் படித்த பைனம், அக்குருக்கள் தம் சொல்லாலும் நடத்தையாலும் பிறருக்குக் கற்பிக்கும் பொறுப்பு தமக்கு உண்டு என்று உணர்ந்திருந்ததைக் கண்டார். துறவியர் எழுத்தில் அந்த உணர்வு அவ்வளவு அழுத்தமாக இல்லை. சின்ன வேறுபாடுதான். ஆனால் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு சாயல்களைக் கொண்டு ஒரு காலத்தின் மனத்தை அறியலாம் என்ற பயிற்சியை அவருக்குத் தந்தது இந்த ஆய்வுதான்.

அந்தப் பயிற்சியின் பலன் 1982-இல் தெரிந்தது. ‘ஜீசஸ் அஸ் மதர்’, அதாவது ‘தாயாக இயேசு’ என்ற நூல் வந்தது. 12-ஆம் நூற்றாண்டின் சிஸ்டர்சியன் துறவு மடத்தலைவர்கள் இயேசுவைத் தாய் என்று அழைத்தார்கள். பாலூட்டும் மார்பு அவருக்கு உண்டு என்று எழுதினார்கள். கிளர்வோ மடத்தின் பெர்னார்டு, ரீவோ மடத்தின் எய்ல்ரெட், இன்யி மடத்தின் கெரிக் ஆகியோர் இப்படி எழுதினார்கள். தங்களையும் தாய் என்றே சொல்லிக்கொண்டார்கள். இதைப் பார்த்ததும் எளிதாகத் தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு: பெண்களுக்குச் சமயத்தில் மதிப்பு கூடியிருக்க வேண்டும், அதனால்தான் கடவுளுக்குப் பெண் உருவம் வந்தது.

பைனம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. எழுதியவர்கள் யார், எந்த வேலையில் இருந்தபோது எழுதினார்கள் என்று பார்த்தார். எல்லோரும் ஆண்கள், மடத்துக்குத் தலைமை தாங்கியவர்கள். நூற்றுக்கணக்கான துறவியரைக் கட்டளையிட்டு நடத்தும் பொறுப்பு அவர்கள் தோளில் இருந்தது. உலக அதிகாரத்தைத் துறந்து வந்தவர்கள் கையில் மறுபடியும் அதிகாரம். அந்த அதிகாரம் அவர்களை உறுத்தியது. தந்தை, எஜமான் என்ற உருவங்கள் மட்டும் போதவில்லை. கனிவும் பேணலும் கலந்த ஓர் உருவம் வேண்டியிருந்தது. அதைத் தாய்மையில் எடுத்துக்கொண்டார்கள். ஆக, தாய் உருவம் இங்கே ஆண்களின் தலைமைச் சிக்கலைப் பேசுகிறது. பெண்களின் நிலையைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்வதில்லை. மாணவர்களே, பெண் தெய்வ வழிபாடு இருக்கும் இடமெல்லாம் பெண்ணுக்கு உயர்வு இருந்தது என்று எழுத நம் கையும் துடிக்கும். அப்போது இந்த நூலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே நூலில் சாக்சனியின் ஹெல்ஃப்டா கன்னியர் மடத்தைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் கெர்ட்ரூட், ஹாக்கபோர்ன் மெக்டில்டு, மக்டபர்க் மெக்டில்டு என்ற மூன்று பெண்கள் அங்கே எழுதினார்கள். முதல் இருவரும் சிறுவயதிலிருந்தே மடத்தில் வளர்ந்தவர்கள். மூன்றாமவர் வெளியுலகில் நெடுங்காலம் வாழ்ந்து முதுமையில் வந்தவர். மடத்தில் வளர்ந்த இருவரும் தயக்கமின்றி, உரிமையோடு கடவுளிடம் பேசுகிறார்கள். பெண் என்பதால் தான் வலுவற்றவள் என்ற கூச்சம் மூன்றாமவர் எழுத்தில் கூடுதலாகத் தெரிகிறது. வளர்ந்த சூழல் ஒருவரின் தன்மதிப்பை எப்படி உருவாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடைக்காலச் சான்று கிடைப்பது அரிது.

இப்போது அவரைப் பரவலாக அறியச் செய்த நூலுக்கு வருகிறேன். 1987-இல் வந்த ‘ஹோலி ஃபீஸ்ட் அண்ட் ஹோலி ஃபாஸ்ட்’. புனித விருந்தும் புனித நோன்பும். இடைக்காலப் பெண்களின் சமய வாழ்க்கையில் உணவு ஏன் இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தது என்பதே அதன் கேள்வி.

சான்றுகளைப் பாருங்கள். இத்தாலியின் சியன்னா நகரில் 1347-இல் சாயத்தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் கத்தரின். நாளடைவில் உணவை ஏறக்குறைய முழுவதும் விட்டார். திருப்பலியில் தரும் நற்கருணை அப்பத்தையே உணவாகக் கொண்டார். அதே கத்தரின் தம் வீட்டிலிருந்து உணவை எடுத்துப் போய் ஏழைகளுக்குக் கொடுத்தார். நோயாளிகளைப் பேணினார், ஒரு நோயாளியின் சீழை அவர் குடித்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய கப்புவா ரைமுண்டு சொல்கிறார். அவிஞ்ஞோன் நகரில் இருந்த பாப்பரசர் பதினோராம் கிரகோரியை ரோமுக்குத் திரும்பும்படி வற்புறுத்தியவரும் இவரே. 1380-இல், 33 வயதில் இறந்தார். நெதர்லாந்தின் ஸ்கீடாம் ஊரைச் சேர்ந்த லிட்வினா, சிறுபெண்ணாக இருந்தபோது பனிச்சறுக்கில் விழுந்து படுத்தவர். 1433-இல் இறக்கும்வரை எழவில்லை. அவர் உணவு உண்பதில்லை என்று 1421-இல் ஊர் அதிகாரிகளே சான்றளித்தார்கள். படுக்கையில் இருந்தபடியே அவர் ஏழைகளுக்கு உணவு அனுப்பிக்கொண்டிருந்தார். ஹங்கேரியின் இளவரசி எலிசபெத் (1207–1231) கணவரின் அரண்மனைப் பந்தியில் அமர்ந்துகொண்டு, குடியானவர்களிடம் அநியாயமாக வாங்கிய பொருளில் சமைத்ததைத் தொட மறுத்தார்.

இந்த நூலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1985-இல், ருடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் இத்தாலியப் பெண் புனிதர்களின் உண்ணாமையை இன்றைய ‘அனரெக்ஸியா’ நோயோடு இணைத்து ஒரு நூல் எழுதினார். நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நோயின் பெயரைச் சொன்னதும் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது என்பதுதான் பைனமின் கவலை. நோய்க்கூறு இருந்திருக்கலாம், அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் தாம் செய்ததற்கு என்ன பொருள் கொண்டார்கள்? அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் அதில் எதைக் கண்டார்கள்? நோயின் பெயர் இதற்கெல்லாம் விடை தராது.

பைனம் தரும் விடையின் முதல் படி மிக எளியது. அந்தக் காலத்துப் பெண்ணின் கையில் நிலம் இல்லை, பணம் இல்லை, பல வேளைகளில் தன் திருமணத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் இல்லை. அவள் கையில் இருந்தது சமையல். அசிசி நகரின் பிரான்சிஸ் தந்தையின் செல்வத்தைத் துறந்தார். போட்டிருந்த ஆடையைக்கூடக் கழற்றிக் கொடுத்தார். ஓர் இளைஞனால் அது முடியும். தனக்கென்று சொத்தில்லாத பெண் எதைத் துறப்பாள்? உணவைத் துறந்தாள். எதைத் தானம் செய்வாள்? உணவையே தானம் செய்தாள். விருப்பமில்லாத திருமணத்தைத் தடுக்கவும், குடும்பத்தாரைப் பணியவைக்கவும், ஒழுக்கம் கெட்ட குருவைக் கண்டிக்கவும் உணவே அவளுக்குக் கருவியாயிற்று.

இரண்டாவது படி இறையியலைச் சேர்ந்தது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பதை உறுதிசெய்தது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நற்கருணை பெற வேண்டும் என்று விதித்தது. கடவுள் அந்தச் சமயத்தில் உணவாகவே வருகிறார். வீட்டில் உணவு சமைப்பவளும் பெண், தன் உடலிலிருந்து பாலைச் சுரந்து குழந்தைக்கு உணவாகிறவளும் பெண். ஆகவே நற்கருணைப் பக்தியில் பெண்கள் முன்னே நின்றது தற்செயலாக நடந்ததில்லை. லியேஜ் பகுதியைச் சேர்ந்த ஜூலியானா என்ற துறவியின் காட்சிகளே கிறிஸ்துவின் திருவுடல் திருவிழாவுக்குத் தூண்டுதல். 1246-இல் லியேஜ் மறைமாவட்டத்தில் தொடங்கிய அந்த விழாவை 1264-இல் பாப்பரசர் நான்காம் உர்பான் திருச்சபை முழுவதற்கும் உரியதாக்கினார். தமிழ்நாட்டின் பங்குகளில் இன்றும் நடக்கும் நற்கருணைப் பவனியின் வேர் அந்தப் பெண்ணின் காட்சியில் இருக்கிறது.

மூன்றாவது படி உடலைப் பற்றிய அக்கால அறிவு. தாய்ப்பால் என்பது பதப்பட்ட இரத்தமே என்று இடைக்கால மருத்துவம் நம்பியது. எனவே சிலுவையில் விலாவிலிருந்து இரத்தம் சிந்தும் கிறிஸ்து, அவர்கள் கண்ணுக்குப் பாலூட்டும் தாயாகத் தெரிந்தார். ஆண் தெய்வீகத்துக்கும் பெண் மானுடத்துக்கும் அடையாளம் என்று இறையியலாளர்கள் எழுதினார்கள். பெண்ணைத் தாழ்த்தப் பயன்பட்ட அந்தப் பாகுபாட்டைப் பெண்களே எடுத்துத் திருப்பிக்கொண்டார்கள். கிறிஸ்துவுக்குத் தந்தையின் உடல் கிடையாது. அவருடைய மானுட உடல் முழுவதும் மரியாளிடமிருந்து வந்தது. அப்படியானால் உலகை மீட்ட அந்தச் சதை பெண்ணின் சதை. 12-ஆம் நூற்றாண்டில் பிங்கன் ஹில்டகார்டு என்ற பெண் துறவி இதே வழியில் சிந்தித்தார். துன்புறும் தன் உடலைத் துன்புற்ற கிறிஸ்துவின் உடலோடு ஒரு பெண் ஒன்றாகக் கண்டதற்குப் பின்னால் இத்தனை தர்க்கம் இருந்தது. உடல்மீது வெறுப்பு என்ற இரண்டு சொல்லில் அதை அடக்கிவிட முடியாது.

இந்த ஆய்வுகளின் நடுவே அவர் இரண்டு பெரிய அறிஞர்களோடு வாதிட்டார். மானிடவியலாளர் விக்டர் டர்னர், சமய வாழ்க்கையில் தலைகீழ் மாற்றமும் எல்லை கடத்தலும் அடிப்படையானவை என்று கொள்கை வகுத்திருந்தார். ஆண்களின் கதைகளுக்கு அது பொருந்துகிறது, பெண்களின் கதைகளில் தொடர்ச்சியே மேலோங்குகிறது என்று பைனம் 1984-இல் எழுதினார். கலை வரலாற்றாசிரியர் லியோ ஸ்டைன்பர்க், மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் கிறிஸ்துவின் ஆண்மை வலியுறுத்தப்பட்டதாக 1983-இல் ஒரு நூலில் வாதிட்டார். அதே உடலை அக்காலத்தவர் ஊட்டும் உடலாக, சிந்தும் உடலாக, பெண்மை கலந்த உடலாகவும் பார்த்தார்கள் என்று 1986-இல் பைனம் மறுமொழி தந்தார். இன்று நாம் உடல் என்றதும் பாலுறவை நினைக்கிறோம். அவர்கள் உணவையும் வலியையும் அழுகலையும் நினைத்தார்கள்.

அழுகல் என்றேன். அதுதான் அவருடைய அடுத்த பெரிய நூலுக்கு வாசல். 1995-இல் வெளிவந்த ‘தி ரெசரெக்ஷன் ஆஃப் தி பாடி’ கி.பி. 200 முதல் 1336 வரை உடல் உயிர்த்தெழுதல் பற்றிய சிந்தனையைத் தொடர்கிறது. உலக முடிவில் இறந்தோர் உடலோடு எழுவார்கள் என்பது கிறிஸ்தவ விசுவாசம். எந்த உடலோடு? வெட்டிய நகமும் முடியும் திரும்புமா? கருவிலேயே கலைந்த குழந்தை எந்த வயதில் எழும்? ஒரு மனிதனை இன்னொரு மனிதன் தின்றுவிட்டால் அந்தச் சதை யாருக்குச் சேரும்? புனித அகுஸ்தீனார் தம் ‘கடவுளின் நகரம்’ நூலின் 22-ஆம் புத்தகத்தில் இவற்றையெல்லாம் பொறுமையாக ஆராய்கிறார். பின்வந்த இறையியலாளர்களும் நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்தார்கள்.

பிற்காலத்தவர் பலருக்கு இது வெட்டி வாதமாகப் பட்டது. பைனமுக்கு அப்படிப் படவில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் உண்மையான உடல்களும் உண்மையான அச்சமும் இருந்தன என்று காட்டினார். கி.பி. 177-இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். உயிர்த்தெழும் நம்பிக்கையை அழிப்பதே நோக்கம். அப்படிப்பட்ட காலத்தில், சிதறிய துகள் ஒவ்வொன்றையும் கடவுள் திரட்டிச் சேர்ப்பார் என்ற உறுதி மக்களுக்கு உயிர்மூச்சாக இருந்தது. பிற்காலத்தில் நிலைமை வேறு. பிரான்சின் அரசர் ஒன்பதாம் லூயி 1270-இல் துனிஸ் அருகே இறந்தபோது உடலைக் கொதிக்கவைத்து எலும்பைப் பிரித்தார்கள். எலும்பு சாந்தெனி ஆலயத்துக்கும் குடல் முதலியவை சிசிலிக்கும் போயின. 1299-இல் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் இந்த வழக்கத்தைக் கண்டித்துத் தடைசெய்தார். புனிதர் உடலைத் துண்டாக்கித் திருப்பண்டமாகப் பங்கிட்ட அதே சமூகம், துண்டான உடல் முழுமையாகும் நாளை எண்ணி ஏங்கியது.

இந்த நூலின் முடிவு ஆண்டான 1336-க்கும் காரணம் உண்டு. தூய ஆன்மாக்கள் இறுதி நாள்வரை காத்திராமல் இப்போதே கடவுளைக் காண்கின்றன என்று அந்த ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பெனடிக்ட் அறிவித்தார். அப்படியானால் உடல் எதற்கு என்ற கேள்வி எழ வேண்டும். ஆனால் ஆன்மா மட்டும் போதும் என்று அவர்களால் திருப்தி அடைய முடியவில்லை என்பதே பைனமின் வாதம். ஆள் என்றால் உடலும் சேர்ந்தவர்தான். உறுப்பு மாற்று அறுவை நடக்கும் நம் காலத்திலும், எந்த அளவு மாறினாலும் நான் நானாகவே இருப்பேனா என்று நாம் கேட்கிறோம். இடைக்காலப் பள்ளிகளில் அந்த வாதம் எப்போதோ தொடங்கிவிட்டது என்பதை அவர் நினைவூட்டுகிறார்.

2007-இல் வந்த ‘வொண்டர்ஃபுல் பிளட்’ நூலில் அவர் வட ஜெர்மனிக்குப் போகிறார். வில்ஸ்நாக் என்ற சிற்றூர். 1383-இல் ஒரு பிரபு அந்த ஊருக்குத் தீ வைத்தார், கோயிலும் எரிந்தது. சாம்பலுக்குள் மூன்று நற்கருணை அப்பங்கள் இரத்தக் கறையோடு கிடைத்தன என்ற செய்தி பரவியது. பல நாடுகளிலிருந்து பயணிகள் வந்து குவிந்தார்கள். போகேமியச் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் இந்த இரத்தத்தை ஏற்கவில்லை. 1451-இல் கர்தினால் நிக்கோலாஸ் குசானுஸ் இத்தகைய அப்பங்களைக் காட்சிக்கு வைப்பதற்கு எதிராக ஆணையிட்டார். மக்கள் வருவது நிற்கவில்லை. 1552-இல் ஒரு சீர்திருத்தச் சபைப் போதகர் அவற்றை எரித்தபோதுதான் யாத்திரை ஓய்ந்தது. மாறாத கடவுளின் இரத்தம் காய்ந்து நிறம் மாறுமா, உயிர்த்தெழுந்தவர் தம் இரத்தத்தைப் பூமியில் விட்டுச் செல்வாரா என்று கற்றவர்கள் வாதிட்டார்கள்.

இந்தப் பக்தியின் கொடிய பக்கத்தையும் பைனம் அதே நூலில் எதிர்கொள்கிறார். யூதர்கள் நற்கருணை அப்பத்தைக் குத்தினார்கள், இரத்தம் வந்தது என்ற பொய்க் குற்றச்சாட்டு அந்தப் பகுதிகளில் மீண்டும் மீண்டும் எழுந்தது. 1492-இல் மெக்லன்பர்க் பகுதியின் ஸ்டெர்ன்பர்க் ஊரில் 27 யூதர்களை உயிரோடு எரித்தார்கள். உடலையும் இரத்தத்தையும் போற்றிய பக்தியே அயலாரின் உடலை நெருப்பில் இட்டது. நாம் விரும்பி ஆராயும் பொருளின் குற்றத்தை மறைக்காமல் எழுதுவது வரலாற்றாசிரியரின் கடமை. அவர் அதைச் செய்தார்.

அவருக்கு எதிர்ப்பும் இருந்தது. 1993-இல் ‘ஸ்பெகுலம்’ என்ற இடைக்கால ஆய்விதழில் வரலாற்றாசிரியர் கேத்லீன் பிடிக், பைனம் பெண்மையைத் தாய்மைக்குள்ளும் ஊட்டுதலுக்குள்ளும் அடக்கிவிடுகிறார் என்று கடுமையாக விமர்சித்தார். வேறு சிலர், பெண் உடலின் இச்சையை அவர் போதிய அளவு பேசவில்லை என்றார்கள். இந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. சீழைக் குடித்த பெண்ணின் தர்க்கத்தை விளக்கும் வேகத்தில், அவளை அந்த நிலைக்குத் தள்ளிய சமூகத்தின் கொடுமை வாசகர் கண்ணிலிருந்து மறையும் ஆபத்து உண்டு. ஆனாலும், அந்தப் பெண்களை வெறும் பலியாட்களாகப் பார்க்காமல், பொருள் உணர்ந்து செயல்பட்டவர்களாக நமக்குக் காட்டியதில் அவருக்கு இணை இல்லை என்றே நான் கருதுகிறேன்.

இனி, அவருடைய முறையைப் பற்றி. அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘வொண்டர்’, அதாவது வியப்பு. இடைக்கால மறையுரையாளர்கள் புனிதர்களின் சில செயல்களைப் பின்பற்ற வேண்டியவை என்றும், சிலவற்றை வியக்க மட்டுமே வேண்டியவை என்றும் பிரித்தார்கள். வியப்பு எதையும் விழுங்கித் தனதாக்குவதில்லை. எட்ட நின்று மதிக்கிறது. வரலாற்றாசிரியருக்கும் இந்த மனநிலை வேண்டும் என்றார் பைனம். கடந்த காலத்து மனிதர் நம்மைப் போல இல்லை என்பது உறைக்கும் இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது. அந்த இடத்தில் நோயின் பெயரையோ கொள்கையின் பெயரையோ ஒட்டிவிட்டு நகர்ந்தால் எதையும் கற்கவில்லை என்று பொருள்.

ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். வடிவத்தில் ஒன்றுபோல் இருப்பவற்றை உடனே இணையாக வைப்பது ஒருவகைக் கொடுங்கோன்மை என்று அவர் எழுதியிருக்கிறார். ஒரு பொருள் அதன் பண்பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும். இங்கே தமிழுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1986-இல் பைனம், ஸ்டீவன் ஹாரல், பவுலா ரிச்மன் மூவரும் பதிப்பித்த ‘ஜெண்டர் அண்ட் ரிலிஜன்’ என்ற தொகுப்பில், தமிழ்ப் பௌத்த காப்பியத்தின் பெண் துறவியைப் பற்றி ரிச்மன் எழுதிய கட்டுரை இடம்பெற்றது. அந்தத் துறவி நம் மணிமேகலை.

மணிமேகலையும் பிறருக்கு உணவளித்தவள். சியன்னா கத்தரினும் உணவளித்தவர். மேலோட்டமாகப் பார்த்தால் அக்கா தங்கை என்று சொல்லத் தோன்றும். நிதானமாகப் பாருங்கள். கத்தரினுக்கு உணவு கடவுளின் உடல். பசியோ அவருக்குள் தணியாத ஏக்கம். சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தில் பசி ஒரு துன்பம், காயசண்டிகை என்ற பெண்ணை வாட்டும் ‘யானைத்தீ’ என்னும் தீராப் பசிநோய். அமுதசுரபி என்ற பாத்திரத்திலிருந்து வரும் சோற்றில் எந்தக் கடவுளும் இல்லை. பசியைத் தீர்ப்பதே அங்கே அறம். கத்தரின் தாம் உண்ணாமல் பிறர் துன்பத்தில் பங்கெடுக்கிறார். மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் துன்பத்தை நீக்கப் பார்க்கிறாள். வேற்றுமையைக் கண்ட பிறகுதான் இருவரும் தெளிவாகத் தெரிகிறார்கள்.

மாணவ மாணவியரே, இந்த உரையிலிருந்து ஒரு வேண்டுகோளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். உடலும் உணவும் பசியும் சிறிய பொருள்கள் என்று எண்ணாதீர்கள். சோற்றுப் படையல், நோன்பு, தீட்டு, ஈமச்சடங்கு, நேர்த்திக்கடன் என்று ஆராய வேண்டியவை நம்மைச் சுற்றி ஏராளம். அவற்றைச் செய்தவர்கள் என்ன பொருள் கொண்டு செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். யார் கையில் என்ன இருந்தது, யார் எதைத் துறக்க முடிந்தது என்று கேளுங்கள். அருவருப்போ பெருமிதமோ உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள். அதே பக்தி யாரையாவது காயப்படுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பைனமின் நூல்களில் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். அதற்கு ‘ஹோலி ஃபீஸ்ட் அண்ட் ஹோலி ஃபாஸ்ட்’ நூலைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.